ஓடையில் கிடந்த ஓடு

ஒரு பொருளுக்குப் பெயர் சொல்லுதல் எளிது; அப்பெயர் அப்பொருளுக்கு உரியதுதானா என்று தேர்ந்து தெளிதல் அரிது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை நான் உணர்ந்துகொண்டது எந்த நூலகத்திலும் அன்று. பாறசாலைக்கு அருகே ஒரு சிற்றோடையின் மணற்படுகையில்தான்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயில் நோக்கி வரும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்தால் பாறசாலை வரும். அதனையும் கடந்தால் களியக்காவிளை. முன்னது கேரளத்தின் முடிவு. பின்னது தமிழகத்தின் தொடக்கம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் மரச்சீனித் தோட்டமும் தென்னந்தோப்பும் ரப்பர் மரங்களும் எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒன்றுபோலவே உள்ளன. ஐப்பசி மழையைத் துலாவர்ஷம் என்பாரும் அங்கு உண்டு. ஓடையைத் தோடு என்பாரும் உண்டு. பெயர்கள் இரண்டாயினும் மழையும் ஒன்றே, நீரும் ஒன்றே.

அத்தகைய ஒரு சிற்றூரில் எங்கள் உறவினர் வீடு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளி விடுமுறைக்கு என் தங்கையின் மகன் அங்கு வந்திருந்தான். மும்பையில் பிறந்து, மும்பையில் வளர்பவன்; அப்போது அவனுக்குப் பத்து வயது. இரண்டு நாள் விடாது பெய்த மழை ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில் ஓடையைக் காண அவனை அழைத்துச் சென்றேன். வெள்ளம் வடிந்த மணலில், பாதி புதைந்து கிடந்தது ஒரு விலங்கின் மண்டை ஓடு. கீழ்த்தாடை இல்லை. மூக்குப் பகுதி உடைந்திருந்தது. உச்சியில் இரண்டு குட்டையான குற்றிகள் மட்டும் எஞ்சியிருந்தன.

“மாமா, இது என்ன?” என்றான்.

நான் ஒரு நொடியும் தயங்கவில்லை. “மான்” என்றேன். அக்குற்றிகளைக் காட்டி, “மானுக்கு ஆண்டுதோறும் கொம்பு உதிரும், உதிர்ந்த இடம் இது” என்று விளக்கமும் தந்தேன். அவன் கண்கள் விரிந்தன.

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டனர். ஒருவர் நாய் என்றார். ஆட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவர் புலிக்குட்டியாக இருக்கலாம் என்றார். துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் கிட்டே வராமலே, மனிதக் குழந்தையின் தலையோ என்று அஞ்சிக் கேட்டார். அவ்வேளையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் அங்கு வந்தார்.

“அதை இங்கே தா, மக்களே” என்று சிறுவனிடம் கேட்டு வாங்கினார். நாங்கள் எல்லாரும் மேற்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்; அவரோ முதலில் அதனைக் கவிழ்த்து அண்ணத்தைப் பார்த்தார். பல் வரிசையில் பெருவிரலை ஓட்டினார். உடைந்த குற்றியின் உள்ளே ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார்.

“இது ஆடு மக்களே, எளசு. மிளாக் கொம்பு உதிர்ந்த குற்றி கெட்டியா இருக்கும். இது உள்ளே பொந்து” என்றார்.

தோல்வியை மறைக்க நான் உடனே, “வெள்ளாடுதானே, பெரியவரே?” என்றேன். அவர் மீண்டும் ஒருமுறை அதனைத் திருப்பிப் பார்த்தார்.

“அதை இதிலே பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணுக்கு முன்னே உள்ள இடம் உடைஞ்சு போச்சு. இந்தப் பக்கம் வெள்ளாடுதான் கூடுதல். ஆனா அதை வச்சு இதைச் சொல்லப்படாது.”

அவர் போய்விட்டார். சிறுவன் என்னை நிமிர்ந்து பார்த்து, “மாமா, நீங்கள் ஏன் மான் என்று சொன்னீர்கள்?” என்று கேட்டான். அதில் குற்றச்சாட்டு இல்லை. அறியும் விருப்பம் மட்டுமே இருந்தது. எனக்கு அன்று விடை சொல்ல இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

எலும்பின் மொழி

முதலில் அப்பெரியவர் எதைக் கண்டார் என்பதைக் காண்போம். பின்னர் விலங்கியல் நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது, அவர் கை சென்ற இடங்கள் யாவும் அறிஞர்கள் பார்க்கும் இடங்களே என்பதை அறிந்து வியந்தேன்.

மாடு, ஆடு, மான் ஆகிய அசைபோடும் விலங்குகளுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அவ்விடத்தில் தடித்த தசைத்திட்டு ஒன்றே உண்டு. கீழ்ப்பற்களை அதன்மீது அழுத்தியே அவை புல்லைப் பற்றி இழுக்கின்றன. பன்றிக்கு 44 பற்கள், நாய்க்கு 42, சிறுத்தைக்கு 30. நாயின் கோரைப்பல் நீண்டு வளைந்தது. அதன் கடைவாயில் இறைச்சியைக் கத்தரிக்கும் கூரிய பற்கள் உண்டு. அசைபோடும் விலங்கின் கடைவாய்ப் பற்களிலோ பிறைநிலா வடிவில் மேடுகள் அமைந்திருக்கும். அவை தழையை அரைக்கும் அம்மிகள். ஆகவே அண்ணத்தை ஒருமுறை பார்த்த அளவிலேயே நாயும் புலியும் விலகிவிடுகின்றன. மனிதத் தலையோ முகம் குறுகி மூளைப்பெட்டி உருண்டு நிற்பது; முதுகுத்தண்டு சேரும் துளை அடிப்புறத்தில் அமைந்தது. நாற்கால் விலங்குகளுக்கு அத்துளை பின்புறத்தில் இருக்கும். எனவே அம்மையாரின் அச்சமும் நீங்குகிறது.

எஞ்சுவன மானும் ஆடும். மான்கொம்பு எலும்பால் ஆயது. ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. அது அமரும் அடிக்குற்றி கெட்டியானது. ஆட்டின் கொம்போ உதிர்வதன்று. உள்ளே ஓர் எலும்பு முளை, அதன்மேல் உறைபோன்ற கொம்பு. அம்முளையின் உள்ளே காற்றறை உண்டு. பெரியவர் குச்சியை விட்டுப் பார்த்தது அக்காற்றறையையே. கடைசிக் கடைவாய்ப்பல் எலும்பை விட்டு முழுதும் வெளிவரவில்லை. ஆட்டுக்கு அப்பல் முளைக்க ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும். ஆகவே ‘எளசு’ என்றார். மாட்டுச் சந்தையில் இரண்டு பல், நான்கு பல் என்று வயதைக் கணிக்கும் மரபும் இதுவே. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. தானமாக வந்த செய்தியைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும் என்பது அன்று நான் கற்றது.

இனி, வெள்ளாட்டையும் செம்மறியையும் எலும்பால் பிரித்தறிதல் அறிஞர்க்கும் அரிய செயல். செம்மறிக்குக் கண்குழியின் முன்னே முகத்தெலும்பில் ஒரு பள்ளம் உண்டு; வெள்ளாட்டுக்கு அது இல்லை. எங்கள் ஓட்டில் அவ்விடமே உடைந்திருந்தது. கொம்பின் குறுக்கு வடிவமும் துணை செய்யும். எங்கள் ஓட்டில் கொம்பும் இல்லை. எலும்பு வாய்மூடிய இடத்தில் பெரியவரும் வாய்மூடினார்.

ஐயமும் தெளிவும்

அவர் வாய்மூடியதை அறியாமை என்று கொள்வதா? அன்று என்பதே என் துணிபு.

அறிவுக்கு அளவைகள் வேண்டும் என்பது தமிழ் மரபு பண்டே அறிந்த செய்தி. சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என மூன்றினைச் சிறப்பாகக் கொள்ளும். சாத்தனாரின் மணிமேகலையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயத்தாரின் கருத்துக்களைக் கேட்கும் காதை ஒன்று உண்டு. அங்கே அளவைவாதி, மெய்யான அளவைகளோடு நில்லாது, அளவைபோலத் தோன்றி ஏமாற்றும் போலிகள் எட்டினையும் எடுத்துரைக்கின்றான். அவற்றுள் ஒன்று ஐயம். மற்றொன்று தேராது தெளிதல். தொலைவில் நிற்பது கட்டையோ மனிதனோ என்று ஊசலாடுவது ஐயம். ஆராயாமலே அது மனிதன்தான் என்று முடித்துவிடுவது தேராது தெளிதல்.

இரண்டும் குற்றமே என்று அந்நூல் வைத்தது நுட்பமானது. ஆயினும் அறநோக்கில் இவ்விரண்டும் ஒரு தரத்தன அல்ல என்று கருதுகிறேன். ஐயுறுகின்றவன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கின்றான். அவன் கண் மூடவில்லை. தேராது தெளிந்தவன் கண்ணை மூடிவிட்டான். அன்றியும், தன் பேச்சை நம்புகின்றவர் கண்ணையும் மூடிவிட்டான். நான் ‘மான்’ என்றபோது அச்சிறுவன் ஓட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினான். பெரியவர் வந்த பின்னரே அவன் பார்வை மீண்டும் ஓட்டின்மேல் திரும்பியது. ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இதனினும் பெரிய பாடம் வேறு இல்லை.

ஆனால் பெரியவர் ஐயத்திலேயே நின்றாரும் அல்லர். ‘ஆடு’ என்பதை உறுதியோடு சொன்னார். ‘எளசு’ என்பதையும் உறுதியோடு சொன்னார். உறுதியும் அடக்கமும் அவரிடம் பகைத்து நிற்கவில்லை. எலும்பு எதுவரை சொன்னதோ அதுவரை உறுதி, அதன்பின் அடக்கம். மேலும், இப்பக்கம் வெள்ளாடே மிகுதி என்பது அவர் அறிந்த உண்மை. அவ்வுண்மையைக் கொண்டு கருதல் அளவையால் வெள்ளாடு என்று சொல்லியிருக்கலாம். ஊரின் பொது நிலை வேறு, கையிலிருக்கும் ஒன்றின் நிலை வேறு என்று பிரித்தாரே, அது பெருநுட்பம். ஓடை நீர் எங்கிருந்தோ உருட்டி வந்த ஓடு அது. கிடந்த இடம் அதன் பிறந்த இடம் ஆகாது.

ஆசை இட்ட பெயர்கள்

என் பிழைக்கு வருகிறேன். அங்கு நின்ற ஒவ்வொருவரும் ஓட்டைப் பார்த்தா பெயர் சொன்னோம்? அம்மையாரின் அச்சம் மனிதன் என்றது. இளைஞரின் வீரக் கற்பனை புலி என்றது. என்னுள் இருந்தது ஆசை. தொலைவில் வளரும் பிள்ளைக்கு நம் மண்ணிலிருந்து பெரிதாக ஏதேனும் கொடுத்தனுப்ப வேண்டும் என்னும் ஆசை. ஆடு என்றால் மும்பையிலும் உண்டே! எங்கள் ஓடையில் மான் கிடந்தது என்று அவன் தோழரிடம் சொல்லிப் பெருமைப்பட வேண்டும் என்று என் மனம் விரும்பியது. அன்பினால் பிறந்த பொய், ஆயினும் பொய்.

இப்பிழை கற்றாரையும் விட்டதில்லை. 1912ஆம் ஆண்டு திசம்பரில், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பில்ட்டவுன் என்னும் ஊரின் சரளைக்கல் படுகையில் கிடைத்த மண்டை ஓட்டுத் துண்டுகளும் தாடையும் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. கண்டெடுத்தவர் சார்லஸ் டாசன். சான்று கூறியவர் இலண்டன் அருங்காட்சியக அறிஞர் ஆர்தர் சுமித் உட்வர்டு. குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட ஆதி மனிதன் இவன் என்றனர். அவ்விடத்தில் 1938இல் நினைவுக் கல்லும் நாட்டினர். 1953இல் ஓக்லி, வீனர், லெ குரோசு கிளார்க்கு ஆகிய மூவரும் உண்மையை வெளிப்படுத்தினர்: மண்டை மனிதனுடையது, தாடை ஒராங்குட்டானுடையது, பற்கள் அரத்தால் அராவப்பட்டவை, எலும்புகள் பழமை தோன்றச் சாயமிடப்பட்டவை. 41 ஆண்டுகள் அப்பொய் நின்றது. அராவிய தடங்கள் எந்நாளும் அப்பற்களில் இருந்தன. மூத்த மனிதன் தம் நாட்டில் பிறந்தவனாக இருக்கவேண்டும் என்னும் ஆசையும் அவற்றைக் காணவிடாது கண்ணை மறைத்தது எனலாம்.

பிறர் பிழையைச் சொல்லிச் சிரித்தல் எளிது. நம் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாவிடில் இக்கட்டுரை நேர்மையுடையது ஆகாது. 1864இல் பிலிப் சிக்லேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், மடகாசுகர் தீவில் லெமூர் என்னும் விலங்குகள் மிகுந்திருப்பதையும், அவற்றின் உறவினங்கள் இந்தியாவில் காணப்படுவதையும் எண்ணிப் பார்த்தார். நம் தென்னகக் காடுகளில் இரவில் உலவும் தேவாங்கு அவ்வுறவினத்தைச் சேர்ந்ததே. இரண்டு நிலங்களையும் முன்னொரு காலத்தில் ஒரு நிலப்பரப்பு இணைத்திருக்க வேண்டும் என்று அவர் கருதி, அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். ஒரு விலங்கு இருக்கும் இடத்தைக் கொண்டு செய்த கருதல் அது. அவர் காலத்தில் தகுதியான கருதலே. பின்னர் நிலப்பரப்புகளே நகர்கின்றன என்னும் கொள்கையை 1912இல் வெகனர் முன்வைத்தார். 1960களில் அறிவுலகம் அதன் வளர்ந்த வடிவத்தை ஏற்றது. இந்தியாவும் மடகாசுகரும் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன், மனிதன் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே, ஒட்டியிருந்து பிரிந்தன என்று இன்று அறிகின்றோம். லெமூரியா என்னும் பெயரை அறிவியல் கைவிட்டது.

நாமோ அதனைக் கைவிடவில்லை. இறையனார் களவியல் உரை முதலியவற்றில் வரும் கடல்கோள் செய்தியோடு அப்பெயரைப் பிணைத்து, அதன்மேல் ஒரு கண்டத்தையே எழுப்பிக்கொண்டோம். கடல்கோள் மரபு நம் முன்னோர் நினைவில் நின்ற செய்தி. அதனை மதிக்கவேண்டும், உரைகளில் கற்கவேண்டும். ஆனால் மரபு வேறு, நிலவியல் சான்று வேறு. இரண்டனையும் ஒன்றாக்கிப் பிள்ளைகளுக்குத் தந்தவர்கள் தீய எண்ணத்தினர் அல்லர். நான் ஆட்டை மான் ஆக்கினேனே, அதே அன்பினால்தான் அவர்களும் செய்தனர்.

மூன்று பற்கள்

இதனால் நம் பெருமை குறைந்துபோகுமோ என்று அஞ்சவேண்டா. திருவள்ளூர் மாவட்டத்தில், கொற்றலையாற்று வடிநிலத்தில் அத்திரம்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் அங்குப் பழைய கற்கருவிகளைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் அங்கு அகழ்ந்து ஆய்ந்து, 2011இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அக்கருவிகள் குறைந்தது 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமை உடையனவாகலாம் என்றனர்.

அங்கே அவர்களுக்குக் கிடைத்த விலங்கு எச்சங்களுள் மூன்று பற்கள் உண்டு. ஒன்று குதிரை இனம். ஒன்று எருமை இனம். ஒன்று நீலான் இனம். இவற்றைக் கொண்டு அந்நிலம் ஒருகாலத்தில் திறந்த வெளியாகவும் நீர்வளம் உடையதாகவும் இருந்தது என்று கருதினர். அதற்கு மேல் மூன்று பற்கள் எதையும் சொல்லவில்லை, ஆய்ந்தவர்களும் சொல்லவில்லை. அக்கருவிகளைச் செய்த கை எம்மொழி பேசியவன் கை என்று அவர்கள் கூறவில்லை, கூறவும் முடியாது. அவ்வாறு கூறாமல் நின்றமையாலேயே அவர்கள் கூறிய பிறவற்றை உலகம் நம்புகின்றது. ‘தெரியாது’ என்று சொல்லத் தெரிந்தவன் ‘தெரியும்’ என்று சொல்லும்போது அச்சொல்லுக்கு எடை உண்டு.

தெரியாது என்பதன் எல்லை

இங்கு ஒரு தடை எழலாம். எல்லாவற்றிற்கும் தெரியாது, தெரியாது என்று நின்றால் உலகியல் நடப்பது எவ்வாறு? பெயரிட்டால் அன்றோ செயல் நிகழும்?

உண்மையே. ஓடையில் கிடக்கும் ஓடு மனிதனுடையதாக இருக்கலாம் என்று ஐயம் தோன்றினால் தொடாது காவல் நிலையத்துக்கு அறிவித்தல் கடமை. அது காட்டு விலங்கினுடையதானால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசுடைமை. கைக்கொண்டவர் 48 மணி நேரத்துக்குள் அறிவிக்கவேண்டும். நான் சொன்னபடி அது மானாகவே இருந்திருப்பின், சிறுவன் அதனைப் பெட்டியில் வைத்து மும்பைக்கு எடுத்துச் சென்றிருந்தால் அது குற்றமாகியிருக்கும்! பெருமைக்காகச் சொன்னவன் அதையும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே பெயரிடுதல் ஒரு செயல். செயலுக்குப் பயன் உண்டு. சிற்றூரில் ‘புலி’ என்று ஒருவர் சொன்னால் அன்று மாலை பிள்ளைகள் வெளியே வர அஞ்சுவர். ‘மனிதன்’ என்று சொன்னால் யார் வீட்டில் யாரைக் காணோம் என்று ஊர் எண்ணத் தொடங்கும். ‘திருட்டு ஆடு’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அண்டை வீட்டாரின் அடுப்பங்கரையை நோக்கி ஐயப்பார்வை திரும்பும். ஓட்டுக்கு இட்ட பெயர் ஓட்டோடு நில்லாது. உயிரோடு இருப்பவர்மேல் விழும். இதனாலேயே, அறிந்ததை அறிந்த அளவிற்குச் சொல்லுதல் அறிவுக்கு மட்டும் உரிய ஒழுக்கம் அன்று. அறத்திற்கும் உரியது என்கிறேன்.

தெரியாது என்பது சோம்பலுக்கு மறைப்பாகவும் கூடாது. ஓட்டைக் கவிழ்த்துப் பாராமலே, ஏதோ எலும்பு, யார் அறிவார் என்று நடந்து செல்பவன் பெரியவருக்கு நிகராகான். பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்த பின்னரே தெரியாது என்னும் சொல் ஒருவனுக்கு உரியதாகின்றது. தன்னால் இயலாதபோது அறிந்தவரிடம் கேட்டலும் அக்கடமையில் அடங்கும். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் இயற்கை வரலாற்றுக் கூடம் உள்ளது; அங்கு விலங்குகளின் எலும்புக்கூடுகளைக் காணலாம். பிள்ளைகளோடு ஊருக்குச் செல்வோர் ஒரு பிற்பகலை அதற்கு ஒதுக்கினால் நன்று.

கோட்டின் இருபுறமும்

எல்லைப்புறத்தில் வாழ்வோர்க்கும், ஊர்விட்டு ஊர் சென்று வாழும் நமக்கும் இச்செய்தி இன்னும் நெருக்கமானது. நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழரைப் ‘பாண்டி’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார் அப்பக்கம் உண்டு. அவரே சென்னைக்கு வந்தால், அவர் பேச்சின் சாயலைக் கேட்டு ‘மலையாளத்தார்’ என்று முடித்துவிடுவார் இப்பக்கம் உண்டு. இரண்டும் தேராது தெளிதலே. 1956இல் கோடு நகர்ந்தது, வீடு நகரவில்லை. மும்பையிலும் தில்லியிலும் நம் பிள்ளைகளை ஒரே பெயரால் ‘மதராசி’ என்று அழைத்தபோது நாம் வருந்தினோம். அதே நாம், அண்டை வீட்டில் குடியிருப்பவரை அவர் பேச்சில் ஒரு சொல்லையும் அவர் உண்ணும் உணவில் ஒன்றையும் கொண்டு வகைப்படுத்திவிட்டு, அவரை அறிந்துவிட்டதாக எண்ணுவது இல்லையா?

மனிதனையும் மண்டை ஓட்டையும் ஒப்பிடுதல் ஓரளவுக்கே பொருந்தும் என்பதை நான் மறக்கவில்லை. ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஓடு பேசாது. ஆதலால் அதற்காகப் பேசுகின்றவன் எலும்பு காட்டிய அளவைத் தாண்டலாகாது. மனிதன் பேசுவான். ஆதலால் அவனைப் பற்றிக் கருதுவதற்கு முன் அவனையே கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பேசாத ஓட்டினிடம் அப்பெரியவர் காட்டிய பொறுமையை, பேசக்கூடிய மனிதரிடம் நாம் காட்டாமல் இருப்பது எவ்வளவு வருந்தத்தக்கது!

அன்று மாலை சிறுவன் ஓட்டைக் கொண்டுபோய்ப் பெரியவரிடமே கொடுத்தான். அவர் அதனை ஒரு தென்னையின் தூரில் குழி தோண்டி இட்டு மண்ணை மூடினார். இறந்தது எதுவாயினும் மண்ணில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் வழக்கம் போலும். ஊருக்குத் திரும்பும் நாளில் சிறுவன் ஒரு தாளை என்னிடம் காட்டினான். ஓட்டின் படத்தைத் தன் கையால் வரைந்து, அதன் கீழே தமிழில் எழுதியிருந்தான்: ஆடு; வயது இரண்டுக்குள்; வெள்ளாடா செம்மறியா தெரியவில்லை; ஓடையில் கிடைத்தது; எங்கிருந்து வந்தது தெரியவில்லை. எழுத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்திக் கொடுத்தேன். செய்தியில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

அவன் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்ல இயலும். ‘உனக்குப் பெரிதாக ஒன்று கொடுக்க விரும்பினேன், அதனால் பார்க்காமல் சொன்னேன்.’ நம் பிள்ளைகளுக்கு நம் மண்ணிலிருந்து நாம் அனுப்பவேண்டிய பொருள்களுள், பார்த்துச் சொல்லும் அப்பழக்கமே முதன்மையானது என்று இன்று நினைக்கிறேன். மான் அவனுக்குச் சில நாள் பெருமை தந்திருக்கும். அப்பெரியவர் தந்ததை அவன் எவ்வூரில் வாழ்ந்தாலும் எடுத்து ஆளலாம்.